அட்டெண்டன்ஸ் எடுத்த பிறகே ஆற்றைத் தாண்டு: டோட்டா 2-க்குப் புதியவர் மூவரைப் பழக்கிய ஐந்து மாதம்

## பின்னணி

2023 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை எங்கள் சிறு குழுவுக்குள் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நாங்கள் நான்கு பேர். கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்தவர்கள். 2009 வாக்கில் அறைக்கு அறை ஒயர் இழுத்து, வார்கிராஃப்ட் 3 என்ற கணினி ஆட்டத்துக்குள் ஓடிய பழைய டோட்டாவை விடிய விடிய ஆடியிருக்கிறோம். வால்வ் நிறுவனம் 2013 ஜூலையில் டோட்டா 2-ஐ வெளியிட்டபோது அதற்கு மாறினோம். இப்போது எல்லோருக்கும் முப்பத்தைந்தைத் தொடும் வயது. வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்கு மேல், குழந்தைகள் தூங்கிய பிறகு, டிஸ்கார்ட் என்ற குரல் அரட்டைச் செயலியில் கூடுவோம்.

அணிக்கு ஐந்து பேர் வேண்டும். எங்கள் ஐந்தாவது ஆள் கனடா போய்விட்டார், அவருக்கும் எங்களுக்கும் நேரம் ஒத்துவரவில்லை. மீதி நால்வரிலும் வாரம் ஒருவர் ஆப்சென்ட். ஆட்டம் நிற்காமல் இருக்க வேண்டுமானால் புது ஆட்கள் வேண்டும் என்ற நிலை. புதியவர்களைப் பழக்கும் ஆசை எங்களுக்கு முன்பே இருந்தது என்றெல்லாம் சொல்ல முடியாது, தேவை வந்தது, தேடினோம்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு பத்தி. ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள். சதுர வரைபடத்தின் இரு மூலைகளில் ஆளுக்கொரு கோட்டை, அவற்றை இணைக்கும் மூன்று பாதைகள், நடுவே குறுக்காக ஓடும் ஆறு. ஒவ்வொரு பாதையிலும் 30 நொடிக்கு ஒருமுறை கிரீப் எனப்படும் சிறு படை தானாகப் புறப்படும். எதிரி கிரீப்பைக் கொல்லும் கடைசி அடி உங்களுடையதாக இருந்தால்தான் கோல்டு. கோல்டில் ஐட்டம் வாங்கி, பலம் பெற்று, அருகே வரும் எதிரியைச் சுடும் டவர்களை உடைத்து, எதிரியின் கோட்டைக்குள் இருக்கும் ஏன்ஷியன்ட் என்ற மையக் கட்டடத்தை வீழ்த்த வேண்டும். உங்கள் ஆட்களோ, நீங்கள் நட்டு வைக்கும் கண்காணிப்புக் கண்ணான வார்டோ பார்க்காத இடமெல்லாம் இருட்டு. எதிரி அங்கே நின்றாலும் தெரியாது.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது 124 ஹீரோக்கள் (ஆளுக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஆடும் பாத்திரங்கள்), ஒவ்வொருவருக்கும் குறைந்தது நான்கு திறன்கள், நூற்றுக்கும் மேற்பட்ட ஐட்டங்கள். போதாக்குறைக்கு 2023 ஏப்ரலில் வந்த 7.33 பதிப்பு வரைபடத்தையே 40 சதவீதம் பெரிதாக்கியிருந்தது. பத்து வருடம் ஆடிய நாங்களே ஒரு மாதம் வழி தெரியாமல் சுற்றினோம்.

## வந்தவர்கள்

முதலாமவர் எங்களில் ஒருவரின் மனைவி. பள்ளியில் கணக்கு டீச்சர். கைப்பேசியில் மிட்டாய் உடைக்கும் ஆட்டம் தவிர வேறு எதுவும் ஆடியதில்லை. அவரை நாங்கள் ‘சிஸ்டர்’ என்போம், அவர் எங்களை ‘அண்ணா’ என்பார். இங்கே டீச்சர் என்றே குறிப்பிடுகிறேன்.

இரண்டாமவர் இன்னொரு நண்பரின் தம்பி, கல்லூரி இரண்டாம் ஆண்டு. கைப்பேசியில் சுட்டு விளையாடும் ஆட்டங்களில் ஊறியவன். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தபோது ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் அண்ணன் சொல்வார். கை வேகம் எங்கள் நால்வரையும் சேர்த்தால்கூட வராது.

மூன்றாமவர் என் அலுவலகத்தில் மூத்தவர், 42 வயது, நல்ல செஸ் ஆட்டக்காரர். மதிய உணவு வேளையில் நான் டோட்டா பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, “நானும் வரட்டுமா?” என்றார். எல்லோருக்கும் அவர் ‘சார்’.

## முதல் மூன்று வாரங்கள்

ஆகஸ்ட் முதல் வெள்ளியே மூவரையும் நேரே களத்தில் இறக்கிவிட்டோம். பழையவர் இரண்டு அல்லது மூன்று பேர், மீதி இடத்துக்குப் புதியவர்கள். ஆட்டத்துக்குள்ளேயே பயிற்சிப் பகுதி இருக்கிறது. 2021-இல் வால்வ் அதைப் புதுப்பித்து, புதியவர்களுக்கென்றே குறைந்த ஹீரோக்களோடு ஒரு முறையையும் சேர்த்திருந்தது. அதன் பக்கமே நாங்கள் போகவில்லை. ‘சொல்லிக் கொடுக்கத்தான் நாங்க இருக்கோமே’ என்ற நினைப்பு.

டீச்சருக்கும் சாருக்கும் அணிக்குத் துணையாக நிற்கும் சப்போர்ட் வேலை கொடுத்தோம். இது விடுதிக் காலத்து வழக்கம். அன்று கடையிலிருந்து ஐட்டம் கொண்டுவரும் கூரியருக்கும் வார்டுக்கும் யாராவது தன் காசைச் செலவழிக்க வேண்டும், அந்தச் சுமை புதிதாக வந்தவன் தலையில்தான் விழும். இன்று எல்லோருக்கும் கூரியர் இலவசம், அப்சர்வர் வார்டும் இலவசம். வழக்கத்துக்கு இருந்த காரணம் போய்விட்டது. வழக்கத்தை மட்டும் நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தோம்.

மூன்று வாரத்தில் 11 ஆட்டம், அதில் 9 தோல்வி. தோற்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் டீச்சர் ஒவ்வொரு ஆட்டத்திலும் 12 முதல் 15 முறை செத்தார். தம்பி ஆளை விரட்டிக்கொண்டு எதிரி டவருக்குள்ளேயே போய் விழுவான். சார் அதிகம் சாகவில்லை, காரணம் அவர் எதிலும் கலந்துகொள்ளவே இல்லை. ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று ஐட்டங்களின் விளக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது வாரம், ஒரு தோல்விக்குப் பிறகு டீச்சர் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, “அண்ணா, நீங்க நாலு பேரும் நல்லா ஆடுங்க. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்” என்றார். கோபம் இல்லை. அதுதான் எங்களை உறுத்தியது.

## பதிவைத் திரும்பக் கேட்டபோது

ரீப்ளேயில் குரல் பதிவாகாது. ஆனால் அன்றைய ஆட்டத்தை அவர் கணவர் ஒலியோடு சேர்த்துப் பதிவு செய்திருந்தார், வேறு ஏதோ காரணத்துக்காக. ஞாயிறு மதியம் நானும் அவரும் உட்கார்ந்து முதல் பத்து நிமிடத்தை மட்டும் கேட்டோம். டீச்சரை நோக்கி எங்கள் மூவரின் குரலில் வந்த கட்டளைகளை எண்ணினோம். 63. பத்து நொடிக்கு ஒன்று. “ஸ்டாக் பண்ணிடுங்க”, “இந்த கிரீப்பை டினை பண்ணுங்க”, “டிவார்டு பண்ணணும் சிஸ்டர், சென்ட்ரி இருக்கா?” இவற்றில் பாதிக்கு மேல் அவருக்கு அர்த்தமே தெரியாத சொற்கள்.

இதைவிட மோசமான ஒன்றும் அதில் இருந்தது. அன்றைய பதிப்பில் ஏழாவது நிமிடம் வரைபடத்தின் இரு ஓரங்களில் விஸ்டம் ரூன் தோன்றும், எடுப்பவருக்கு அனுபவப் புள்ளி கிடைக்கும். “ஏழு நிமிஷம் ஆச்சு, ரூனை எடுத்துடுங்க” என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்ட உடனே நேராகப் போனார். அந்த நொடி எதிரியில் மூவர் வரைபடத்தில் காணவில்லை. பழகிய எவரும் அந்த நேரத்தில் தனியாக அங்கே போக மாட்டார். நான் திரை மூலையில் முழு வரைபடத்தையும் காட்டும் மினிமேப்பைப் பார்க்காமலே, கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். செத்தபின் பதிவில் இன்னொரு பழையவரின் குரல்: “அங்க ஏன் போனீங்க?” டீச்சர் மெதுவாக, “சொன்ன இடத்துக்குத்தான் போனேன்” என்கிறார்.

இன்னொரு விஷயம் கேட்கும்போது சிரிப்பாகவும் இருந்தது. தம்பியைப் பார்த்து “டேய் வாடா!” என்றால் அரை நொடியில் முடிந்துவிடும். சாருக்கு, “சார், கொஞ்சம் பின்னாடி வந்துடுங்க சார்.” டீச்சருக்கு, “சிஸ்டர், அந்த டவர் பக்கத்துல வந்து நின்னுக்குறீங்களா?” தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும், மரியாதை விகுதி அதற்கும் கடைசியில். ‘நின்னுக்குறீங்களா’ வருவதற்குள் ஆளை அசையவிடாத ஸ்டன் விழுந்து கதை முடிந்திருக்கும். மூன்று இடத்தில் அப்படியே நடந்திருந்தது.

எதிரணியையும் பார்த்தோம். பார்ட்டியாகச் சேர்ந்து ஆட்டம் தேடும்போது கூட இருப்பவர்களின் திறனும் கணக்கில் வரும். நாங்கள் இருந்ததால் எதிரே வந்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் தரத்து ஆட்கள். முதல் முறையாக லாஸ்ட் ஹிட் (கிரீப்பைக் கொல்லும் கடைசி அடி) பழகும் டீச்சர் எதிரே நின்றது ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆடியவர். துணைக்கு வந்த நாங்களே அவருக்கு எதிரியைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறோம்.

## எடுத்த முடிவுகள்

செப்டம்பர் முதல் வாரம் நால்வரும் பேசினோம். இரண்டு மணி நேரம், கொஞ்சம் சத்தமாகவே.

முதலில் எழுந்த யோசனை ஆளுக்கொரு புதுக் கணக்கு தொடங்குவது. புதுக் கணக்கில் நாமும் புதியவர்கள்தானே, எதிரணி எளிதாக வரும். பழையவரில் ஒருவர் இதை விடாப்பிடியாகச் சொன்னார். இதை ஸ்மர்ஃப் என்பார்கள், இது முறையல்ல. எதிரே நிற்கும் ஐந்து பேரில் இன்னொரு டீச்சர் இருப்பார் அல்லவா? அந்த வாதம் எடுபட்டதா, அல்லது அதே செப்டம்பரில் 90,000 ஸ்மர்ஃப் கணக்குகளைத் தடை செய்ததாக வால்வ் அறிவித்தது எடுபட்டதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. யோசனை கைவிடப்பட்டது.

அதற்குப் பதிலாக, நான்கு வாரம் வெளியார் வராத தனி லாபியில், கணினியே ஆட்டுவிக்கும் பாட்களுக்கு எதிராக மட்டும் ஆடுவது என்று முடிவானது. மூன்று புதியவர், பழையவர் இருவர் முறை வைத்து. லாபியில் இன்னொரு வசதி, விரும்பிய நேரம் நிறுத்தி வைக்கலாம். டீச்சரின் குழந்தைக்கு மூன்று வயது, நடுவில் எழுந்துவிடும். பொது ஆட்டத்தில் ஐந்து நிமிடம் இணைப்பு விட்டுப்போனால் கைவிட்டதாகக் கணக்கு, தண்டனையும் உண்டு. மகள் அழும் சத்தம் கேட்டு எழுந்து போனபடியே “சாரி அண்ணா, சாரி அண்ணா” என்று அவர் சொன்னது பதிவில் இரண்டு முறை வருகிறது. அந்தப் பயத்தோடு யாராலும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

இடங்களை மாற்றினோம். சப்போர்ட் வேலையைப் பழையவர்களே எடுத்துக்கொண்டோம். சப்போர்ட்டுக்குக் கோல்டு குறைவு, உடம்பு மெலிசு, ஆட்டம் முழுக்க அறிவை வைத்தே பிழைக்க வேண்டும். எந்த இடத்தில் வார்டு, எந்த நொடியில் காட்டு மிருகங்களின் கேம்ப்பை இழுப்பது என்று அத்தனையும் அனுபவம். அனுபவமே இல்லாதவரிடம் அதைக் கொடுத்து, நடப்பதில் மகா மந்தமான கிரிஸ்டல் மெய்டனையும் கையில் கொடுத்திருந்தோம். இப்போது டீச்சருக்கு ரெய்த் கிங். ஆஃப்லேன் என்ற கடினமான ஓரப் பாதையில் தடித்த உடம்போடு முன்னே நிற்கலாம். அழுத்த வேண்டிய பொத்தான் ஒன்றிரண்டுதான். ஆறாம் நிலைக்குப் பின் செத்தாலும் ஒருமுறை எழுந்து வரலாம், கையில் மானா (மந்திர சக்தி) இருக்கும் வரை. தப்பு செய்ய இடம் கொடுக்கும் ஹீரோ.

சாருக்கு ஸ்னைப்பர், தூரத்தில் நின்று சுடலாம். தம்பி இன்வோக்கர் கேட்டான். மூன்று உருண்டைகளைக் கலந்து பத்து மந்திரம் வரவழைக்கும் ஹீரோ அது. மறுத்தோம், புட்ஜில் சமாதானமானான். நான்கு வாரத்துக்கு ஆளுக்கு ஒரே ஹீரோ.

கடினமாக இருந்தது பேச்சைப் பற்றிய விதி. ஆட்டம் நடக்கும்போது பழையவர்கள் வாய் திறக்கக் கூடாது. கேட்டால் பதில் சொல்லலாம். ஆபத்துக்கு நான்கு சொற்கள் மட்டும் அனுமதி: ‘பின்னாடி’, ‘டவர்’, ‘விடு’, ‘வார்டு’. இவற்றுக்கு ‘ங்க’ கிடையாது, ‘சார்’ கிடையாது. டீச்சரிடமும் சாரிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கினோம். சார் சிரித்துவிட்டு, “மரியாதையை ஸ்கோர்போர்டு வந்தப்புறம் குடுங்க” என்றார்.

ஆட்டத்துக்கு ஒரே ஒரு வேலை. முதல் வாரம், ஆறு முறைக்கு மேல் சாகக் கூடாது, அவ்வளவுதான். வெற்றி தோல்வி கணக்கில்லை. இரண்டாவது வாரம், பத்து நிமிடத்தில் 30 லாஸ்ட் ஹிட். அலைக்கு நான்கு கிரீப், 30 நொடிக்கு ஓர் அலை, ஆக பத்து நிமிடத்தில் ஒரு பாதையில் 80 கிரீப்புக்கு மேல் வரும். அதில் 30 போதும் என்றோம்.

முடிந்ததும் ரீப்ளே. ஒரே ஒரு சாவு மட்டும், எது என்று செத்தவரே தேர்ந்தெடுப்பார். அவர் கண்ணோட்டத்தில் பத்து நொடி பின்னால் போய் நிறுத்தி, “இப்போ உங்களுக்கு என்ன தெரிஞ்சது?” என்று மட்டும் கேட்போம். ‘என்ன செய்திருக்கணும்’ என்ற கேள்வி வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம்.

## செப்டம்பர்: லாபியில்

முதல் வெள்ளி எங்களுக்குத்தான் சோதனை. மைக்கை அணைத்துவிட்டுத் தனியாகக் கத்தினேன், பக்கத்து அறையிலிருந்து அம்மா வந்து பார்த்தார். புதுக் கணக்கு யோசனை சொன்ன நண்பரால் இருபது நிமிடம் தாண்டவில்லை. “இதைப் பார்த்துக்கிட்டு எப்படிடா சும்மா இருக்கிறது?” என்று வெளியேறினார். அடுத்த வாரம் வந்தார், மறுபடி போனார். பிறகு அவர் தனியாகவே ஆடத் தொடங்கிவிட்டார். இந்த ஏற்பாட்டால் நாங்கள் இழந்த ஒருவர் அவர்.

இரண்டாவது வாரம் நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். டீச்சர் தேர்ந்தெடுத்த சாவை ஓடவிட்டு, பத்து நொடி முன்னால் நிறுத்தினோம். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கம்போல் ‘என்ன தெரிஞ்சது?’ என்று கேட்டேன். “எதிரே ஒருத்தர் நிக்கிறார்” என்றார். சற்று நேரம் கழித்து, “மீதி நாலு பேர் எங்க?” என்று அவரே கேட்டார். திரையின் மேலே பத்து ஹீரோக்களின் முகம் வரிசையாக இருக்கும். அதையும் மினிமேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். நடுப் பாதையில் ஒருவர், கீழ்ப் பாதையில் ஒருவர். “ரெண்டு பேர் ஆப்சென்ட்” என்றார். பிறகு சிரித்துவிட்டார். “கிளாஸுக்குள்ள போனதும் நான் பண்ற முதல் வேலை இதுதானே அண்ணா. எண்ணிப் பார்க்காம போர்டு பக்கம் திரும்ப மாட்டேன்.”

அதிலிருந்து ஆற்றைத் தாண்டும் முன் அவர் அட்டெண்டன்ஸ் எடுப்பார். வாய்விட்டே: “அஞ்சுல மூணு… ரெண்டு ஆப்சென்ட், நான் வரல.” ‘மிஸ்ஸிங்’ என்று நாங்கள் ஆயிரம் தடவை கத்தியிருக்கிறோம். அந்தச் சொல் அவருக்குள் எந்தச் சித்திரத்தையும் எழுப்பவில்லை. தன் வேலையிலிருந்து அவரே எடுத்துக்கொண்ட சொல் ஒரே நாளில் கைக்கு வந்துவிட்டது. மூன்றாவது வாரம் தம்பியும் “அக்கா, அட்டெண்டன்ஸ்?” என்று கேட்க ஆரம்பித்தான். இப்போது நாங்களும் அதைத்தான் சொல்கிறோம்.

நான்காவது வார முடிவில் டீச்சரின் சாவு ஆட்டத்துக்கு நான்கு, ஐந்து. பாட்களுக்கு எதிராகத்தான் என்பதை மறக்கக் கூடாது, பாட் மரத்துக்குப் பின்னால் பதுங்கிக் காத்திருக்காது. லாஸ்ட் ஹிட் 30-ஐத் தொட்டது ஒரே ஒருமுறை.

தம்பி வேறு மாதிரி. ஆறு சாவு என்ற எல்லையை முதல் பத்து நிமிடத்திலேயே தாண்டிவிடுவான். கூரியரைக்கூட விரட்டிக்கொண்டு போவான். சொல்லிப் பயனில்லை என்று ஒரு கணக்கைக் காட்டினோம். ரீப்ளேயில் அவன் ஓர் ஆளை 50 நொடி துரத்துகிறான், ஆள் தப்பித்துவிடுகிறார். அந்த நேரத்தில் அவன் பாதையில் இரண்டு அலை வந்து டவருக்குள் கரைந்துபோனது. ஓர் அலையை முழுதாக அடித்தால் சுமார் 150 கோல்டு. “பூட்ஸ் 500. நீ துரத்தினது பாதி பூட்ஸ்டா” என்றார் அவன் அண்ணன். காசுக் கணக்கு அவனுக்கு உடனே பிடித்தது. துரத்தல் நிற்கவில்லை, ஆனால் துரத்தும் முன் ஒரு நொடி யோசித்தான்.

சாரைப் பற்றி அப்போது எங்களுக்குக் கவலை இல்லை. அமைதியாக ஆடினார், குறைவாகச் செத்தார். ஒருமுறை, “ஆர்மர் இருந்தா அடி எவ்வளவு குறையும்? மந்திர அடிக்கும் அதே கணக்கா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. “அது அப்புறம் சார், இப்போ லாஸ்ட் ஹிட் மட்டும்” என்றேன். இன்னொரு நாள் ரோஷன் என்ற பெரிய பூதத்தைக் கொன்றால் என்ன கிடைக்கும், அது தரும், செத்தவரை எழுப்பும் ஏஜிஸ் எவ்வளவு நேரம் கையில் இருக்கும் என்றார். ஐந்து நிமிடம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி நகர்ந்தோம்.

## அக்டோபர்: தனியாக விட்டது

அக்டோபரில் மூவரையும் மட்டும் பார்ட்டியாகப் பொது ஆட்டத்துக்கு அனுப்பினோம். இரண்டு அந்நியர் சேர்ந்து ஐவர். பெரும்பாலும் டர்போ, அதில் கோல்டும் அனுபவமும் வேகமாகச் சேரும், 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எதிரணிச் சாட்டை முதலிலேயே அணைத்துவிடச் சொன்னோம். அந்நியரோடு குரலில் பேசுவதில்லை என்று டீச்சர் தானே முடிவெடுத்தார், காரணம் விளக்க வேண்டியதில்லை. தேவையானதை, ஆயத்த வாக்கியங்கள் கொண்ட சாட் வீலில் சொன்னார். அது ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் தெரியும், எழுத்துப் பிழைக்கோ பெண் குரலுக்கோ வசை விழாது.

நாங்கள் பார்வையாளராக உட்கார்ந்தோம். அந்தக் காட்சி இரண்டு நிமிடம் தாமதமாகத்தான் வரும். இது எங்களுக்கு வரமாக அமைந்தது. திரையில் அவர் ஆபத்துக்குள் நடப்பதை நாங்கள் பார்க்கும்போது உண்மையில் அவர் செத்து எழுந்து மறுபடி பாதைக்கு வந்திருப்பார். கத்தி ஒன்றும் ஆகாது. சும்மா இருக்கும் வித்தையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

முதல் பத்து ஆட்டத்தில் நான்கு வெற்றி. எதிரே நின்றவர்களும் அவர்களைப் போலவே தடுமாறியதை ரீப்ளேயில் பார்த்தோம். ஐந்தாவது ஆட்டத்தில் ஓர் அந்நியர் டீச்சரை எழுத்தில் திட்டித் தீர்த்தார். அவரை மியூட் செய்துவிட்டு டீச்சர் தொடர்ந்து ஆடினார். முடிந்தபின், “எங்க எட்டாம் கிளாஸ் பசங்க இதைவிட நல்லா திட்டுவாங்க” என்றார்.

## நவம்பர்: சார் நின்றது

நவம்பர் இரண்டாவது வாரம் சார் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அலுவலகத்தில் கேட்டேன். மழுப்பாமல் சொன்னார்: “நான் கேள்வி கேட்டேன், நீங்க சிலபஸ் குடுத்தீங்க.”

அவர் வந்ததே ஆட்டத்தின் உள் இயக்கத்தைப் புரிந்துகொள்ளத்தான். வெல்வதிலும் சாகாமல் இருப்பதிலும் அவருக்குப் பெரிய ஆர்வமில்லை. மரத்துக்குப் பின்னால் நின்று ஐட்டம் விளக்கம் படித்தாரே, அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டோம். அதுதான் அவர் ஆடிய விதம். 63 கட்டளைகளால் டீச்சரை நெருக்கினோம், ‘ஒரே வேலை’ என்ற விதியால் இவரைப் பட்டினி போட்டோம். இரண்டாவது தவறு அமைதியாக நடந்ததால் எங்களுக்குத் தெரியவே இல்லை. மூவருக்கும் ஒரே மருந்து கொடுத்தோம், நோய் ஒருவருக்குத்தான் அது.

அவர் ஆட்டத்தை விட்டாரே தவிர டோட்டாவை விடவில்லை. அக்டோபர் கடைசியில் சியாட்டிலில் நடந்த தி இன்டர்நேஷனல் என்ற டோட்டா 2 உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தை, நம் நேரப்படி திங்கள் காலையில், முழுக்கப் பார்த்திருக்கிறார். டீம் ஸ்பிரிட் 3-0 என்று வென்ற மூன்று ஆட்டங்களிலும் ஹீரோ தேர்வு எப்படி நடந்தது என்று மதிய உணவில் எனக்கே விளக்கினார். எனக்குப் பாதி புரியவில்லை.

## டிசம்பர் நிலவரம்

டீச்சர் வாரம் இரண்டு நாள் ஆடுகிறார். ரெய்த் கிங்கோடு ‘ஓகர் மேஜை’ (Ogre Magi) என்ற ஹீரோவையும் சேர்த்துக்கொண்டு, அவராகவே விரும்பி சப்போர்ட்டுக்கு மாறியிருக்கிறார். இப்போது வார்டு எங்கே வைப்பது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, எங்கே செத்தோம் என்பது நினைவிருப்பதால் அங்கே வைக்கிறார். எங்கள் பார்ட்டியோடு சேர்ந்து ஆடும்போது இன்றும் எட்டு, பத்து முறை சாகிறார். எதிரணித் தரம் அப்படி. அதற்காக அவர் ஹெட்செட்டைக் கழற்றுவதில்லை.

தம்பி கல்லூரி விடுதியில் தனக்கென ஐவர் அணி சேர்த்துக்கொண்டான். ரேங்க் ஆட்டத்துக்குத் தேவையான 100 மணி நேரத்தை டிசம்பருக்குள் முடித்துவிட்டான். வெள்ளிக்கிழமை எங்களோடு வருவதில்லை. அவன் அண்ணனுக்குப் பெருமையும் வருத்தமும். எனக்குக் கொஞ்சம் பொறாமை.

பழையவர் நால்வர் மூவராகி, டீச்சரோடு மறுபடி நால்வர். ஐந்தாவது ஆளை இன்றும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். கணக்குப் பார்த்தால் தொடங்கிய இடத்துக்கே வந்திருக்கிறோம்.

## மறுபடி செய்வதானால்

ஆட்டத்துக்குள் இருக்கும் பயிற்சியையும் புதியவர் முறையையும் முதலில் முடிக்கச் சொல்வேன். அதை ஒதுக்கியது வெறும் வீம்பு. லாபியில் நான்கு வாரம் அதிகம், இரண்டு போதும். பாட்கள் பழக்கிவிடும் தைரியம் மனிதர்களுக்கு முன் செல்லாது, டீச்சருக்கே அக்டோபர் முதல் வாரம் அதிர்ச்சியாக இருந்தது.

நான்கு சொல் விதியை அப்படியே வைத்துக்கொள்வேன். இதற்கு முன் எங்களுக்குள்ளேயே இப்படி ஓர் ஒழுங்கு இருந்ததில்லை. பழையவர்கள் மட்டும் ஆடும் நாட்களிலும் இப்போது அதைத்தான் பின்பற்றுகிறோம், சத்தம் பாதியாகிவிட்டது.

‘ஒரே வேலை’ விதியை எல்லோருக்கும் பொதுவாக வைக்க மாட்டேன். வருபவரிடம் முதல் நாளே, எதற்காக வருகிறீர்கள் என்று கேட்பேன். ஆகஸ்டில் இதைக் கேட்டிருந்தால், ஆர்மர் கணக்குக்கு அன்றே பதில் சொல்லி, அரை மணி நேரம் டெமோ அறையில் சாரோடு உட்கார்ந்திருப்பேன். அங்கே எந்த ஹீரோவையும் எந்த ஐட்டத்தோடும் சோதித்துப் பார்க்கலாம். அவருக்கு வேண்டியிருந்தது அதுதான் என்று நினைக்கிறேன். இதை அவரிடம் போன வாரம் சொன்னேன். யோசித்துவிட்டு, “அரை மணி நேரம் பத்தாது” என்றார்.